முன்பு போலவே

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், ஐயா. நான்கு மாடியும் படியேறி வந்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கென்று காலையில் எழுந்து நடக்க எனக்குச் சோம்பல், அதனால் படி கிடைத்த இடத்தில் ஏறிவிடுவேன். உங்கள் உதவியாளர் அம்மாதான் என்னைப் பார்த்துப் பதறிப்போய்விட்டார். "என்னங்க இது, இப்படி மூச்சு வாங்குது? லிப்ட்டு நல்லாத்தானே ஓடுது, அதுல வந்திருக்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீரும் கொடுத்தார். நல்ல மனுஷி. கேட்காமலே தண்ணீர் கொடுப்பவர்கள் இப்போது குறைவு.

நீங்கள் கேட்ட பழைய ரிப்போர்ட்டை இந்த லேப்டாப்பில் ஓட விட்டிருக்கிறேன். கம்பெனி டேட்டாபேஸோடு இணைப்பு கிடைத்துவிட்டது. திரையில் வட்டம் சுற்றுகிறது, பாருங்கள். முடிய பத்தொன்பது நிமிடம் ஆகும். அதை அவசரப்படுத்த முடியாது, நான் முயன்று பார்த்தவன். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டர் ஓடுகிறதல்லவா? நல்லது. நான் என் விருப்பத்தின் பேரில்தான் வந்திருக்கிறேன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்று முறை ஆளனுப்பியது வேறு விஷயம்.

எங்கள் கம்பெனி ஊர் முழுக்க ஆயிரத்து நானூறு லிப்ட்டுகளைப் பராமரிக்கிறது. நான் எந்த லிப்ட்டையும் தொட்டதில்லை. பதினேழு வருடத்தில் ஒரு ஸ்க்ரூவைக்கூட முடுக்கியதில்லை. மெக்கானிக்குகள் எழுதும் புகார்களெல்லாம் டேட்டாபேஸில் வந்து விழும். அதிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஒரு ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எந்த லிப்ட் பச்சை, எந்த லிப்ட் சிவப்பு என்று அது சொல்லும். சிவப்பு என்றால் அந்தக் கட்டடத்துக் காவலாளிக்குப் போன் போகும், அவர் லிப்ட்டை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுவார். பச்சையானால் திறப்பார். மெக்கானிக்காகப் பார்த்து எதையும் நிறுத்த முடியாது. அவனுக்கு அந்த அதிகாரம் இல்லை, ரிப்போர்ட்டுக்குத்தான் உண்டு.

எங்கள் மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு லிப்ட்டில் பிரேக் தேய்ந்திருந்தால் முதல் தடவை விவரமாக எழுதுவார்கள். மாற்றுவதற்கு உதிரிபாகம் வந்திருக்காது. அடுத்த முறை போகும்போதும் அதே கோளாறு அப்படியே இருக்கும். மறுபடி முழுக் கதையையும் யார் எழுதுவது? கையெல்லாம் கிரீஸ். "முன்பு போலவே" என்று போட்டு, பழைய புகாரின் எண்ணைப் பக்கத்தில் எழுதிவிடுவார்கள். அதற்கடுத்த தடவை அந்தப் புகாருக்கும் ஒரு "முன்பு போலவே". இப்படி ஒன்றின் வாலை ஒன்று பிடித்துச் சங்கிலி நீளும். ஒரு லிப்ட்டில் விளக்கு எரியவில்லை, மின்விசிறி கத்துகிறது என்று நூறு புகார் இருக்கலாம், அதையெல்லாம் ரிப்போர்ட் கண்டுகொள்ளாது. கம்பி அறுந்து நின்றால் ஒழிய, ஒரே கோளாறின் சங்கிலியில் ஐந்து கண்ணி சேர்ந்தால் மட்டும் சிவப்பு. இந்த விதியைக் கொண்டுவந்தவர் ஆய்வுப் பிரிவின் தலைவி. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அக்காதான், முதலாளிக்குக் கூட.

ரிப்போர்ட் இழுத்தடித்ததற்கும் அந்தச் சங்கிலிதான் காரணம். ஒவ்வொரு லிப்ட்டுக்கும் கடைசிப் புகாரை எடுக்க வேண்டும், அது சுட்டும் பழைய புகாரைத் தேட வேண்டும், பிறகு அது சுட்டுவதைத் தேட வேண்டும். ஒரு வீட்டில் தாத்தாவின் தாத்தா பெயர் கேட்டுப் போவது போன்ற வேலை. அதை ஆயிரத்து நானூறு வீட்டில் கேட்க வேண்டும். பத்தொன்பது நிமிடம் ஆகாமல் என்ன செய்யும்?

இதைக் கூட்டத்தில் விளக்கிச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலாளி டீக் கோப்பையோடு வந்து உட்கார்ந்ததும், "என்னப்பா, ஆமை வந்துடுச்சா?" என்பார். முதலில் ரிப்போர்ட்டைத்தான் ஆமை என்றார். பிறகு அந்தப் பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது. போனில்கூட "ஆமை சாரைக் கூப்பிடுங்க" என்றார்கள். என் நாற்காலியின் முதுகில் யாரோ அட்டையில் ஆமை வெட்டி ஒட்டிவைத்தார்கள். நான் அதைக் கவனிக்காமல் ஒரு நாள் முழுக்க அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் கூட்டத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தபோது அக்கா சொன்னார்: "தம்பி, உன் ரிப்போர்ட்டு வர்றதுக்குள்ள லிப்ட்டு தானாவே குணமாகி எழுந்து நடக்க ஆரம்பிச்சிடும் போலிருக்கே." பதினான்கு பேர் சிரித்தார்கள். அவருக்காகச் செய்த ரிப்போர்ட் அது. அவருடைய சங்கிலியைப் பின்தொடர்ந்து போய்த்தான் எனக்கு அந்தப் பெயரே வந்தது.

ஆண்டுவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். முதலாளி என் மனைவியிடம் வந்து, "வீட்டுலயும் இப்படித்தானாம்மா? ஒரு வாய் சோத்துக்குப் பத்தொன்பது நிமிஷமா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். மரியாதைக்குத்தான் சிரித்தாள், தெரியும். ஆனால் சிரித்தாள்.

இதெல்லாம் ஒரு காரணமா என்று உங்கள் முகம் கேட்கிறது. நான் காரணம் என்று சொல்லவில்லை, ஐயா. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வேகப்படுத்தும் வேலையை நான் நேர்மையாகத்தான் தொடங்கினேன். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பட்டியல் போட்டிருப்பார்களே, அதுபோல் புகார் எண்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். பத்தொன்பது பதினொன்று ஆனது. தேவையில்லாத பழைய குப்பைகளை வேறு இடத்துக்கு மாற்றினேன், எட்டானது. ரிப்போர்ட் நேரடியாக மூலப் பதிவுகளைத் தோண்டாமல், காலையில் ஆள் வருவதற்கு முன்பே ஒரு சுருக்க அட்டவணை தயாராகி, அதிலிருந்து எடுக்கும்படி செய்தேன். ஆனால் கூட்டத்தின் நடுவில் புதுப் புகார் வந்தால் மறுபடி ஓட்ட வேண்டும், மறுபடி ஆறு நிமிடம். இரண்டு மாதம் மாரடித்துப் பத்தொன்பதை ஆறாக்கினேன். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "ஆமைக்குக் கால் கொஞ்சம் நீண்டிருக்கு," என்றார். "எனக்கு அஞ்சு செகண்டுல வேணும்பா."

ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நேரம் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு பகுதியாக நிறுத்திவைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலியை ஒரே ஒரு கண்ணிக்கு மேல் தேடாதே என்று வெட்டிவிட்டு ஓட்டினேன். சோதனைக்காக. நான்கு விநாடியில் திரை நிரம்பியது. நானே திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. "அடேயப்பா!"

தோளில் கை வைத்தார். பதினேழு வருடத்தில் முதல் தடவை. "இன்னொரு தடவை போடு," என்றார். போட்டேன். மறுபடி நான்கு விநாடி. கதவைத் திறந்து வெளியே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். ஐந்து முறை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஐந்து முறையும் கைதட்டினார்கள். அப்போதுதான் அவர் சிவப்பு எண்ணிக்கையைக் கவனித்தார். காலையில் இருபத்து மூன்று. இப்போது இரண்டு. அந்த இரண்டும் கம்பி அறுந்து நின்றவை, சங்கிலி இல்லாமலே சிவப்பு. மற்ற இருபத்தொன்றும் பச்சை.

"பழைய ரிப்போர்ட்டு தப்புத்தப்பா சிவப்பு காட்டிட்டு இருந்திருக்கு போல. மெதுவாவும் இருந்திருக்கு, தப்பாவும் இருந்திருக்கு," என்று அவரே ஒரு விளக்கம் சொன்னார். "அப்படித்தானே?" என்று என்னைப் பார்த்தார்.

நான் "ஆமாம் சார்" என்று சொல்லவில்லை. இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், நிச்சயமாகச் சொல்லவில்லை. லேசாகத் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

அன்று மாலைக்குள் இருபத்தொரு காவலாளிகளுக்குப் போன் போனது. இருபத்தொரு லிப்ட்டும் திறக்கப்பட்டன. அதில் ஒன்றுதான் ஐந்தாவது மாடியில் கண் மருத்துவமனை இருக்கும் அந்தக் கட்டடம். அப்போது அதற்கு ஆறு கண்ணி. திங்கட்கிழமை சங்கிலியைத் திரும்ப இணைத்துவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை என் நாற்காலியில் அட்டை மின்னல் ஒன்று ஒட்டியிருந்தது. மஞ்சள் தாளில் அழகாக வெட்டியிருந்தார்கள்.

டீயா? வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எனக்குச் சர்க்கரை குறைவாக. கீழேதான் போக வேண்டுமா? பரவாயில்லை, அவசரமில்லை என்று சொல்லுங்கள் அந்த அம்மாவிடம். போய்விட்டாரா? ம். மணி சத்தம் கேட்டது. இன்னும் எட்டு நிமிடம் இருக்கும். சுற்றட்டும்.

என் மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. இப்போது நீங்கள் உள்ளே வைத்திருக்கும் மெக்கானிக். அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நல்ல வேலைக்காரன், வாயும் கொஞ்சம் நீளம். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தான்.

"மாமா, கண் ஆஸ்பத்திரி லிப்ட்ட யார் திறந்தாங்க? நான் இன்னும் பிரேக்க மாத்தவே இல்லையே. கதவு திறந்திருக்கும்போதே பெட்டி விரக்கடை நழுவுது."

"ஆபீஸ்ல கேட்டியா?"

"கேட்டேன். சிஸ்டத்துல பச்சைன்னு இருக்கு, நீ உன் வேலையப் பாருங்கறாங்க. பச்சைன்னு எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டே, "நீ எழுதறத எழுதிட்டே இரு. மேல இருக்கறவங்க பாத்துப்பாங்க," என்றேன். அவன் எழுதினான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. "முன்பு போலவே", "முன்பு போலவே" என்று எழுதிக்கொண்டே போனான். விரக்கடை நான்கு விரல் ஆனது, பிறகு ஒரு சாண் ஆனது. ஞாயிறுதோறும் அதை எனக்குக் கையால் அளந்து காட்டுவான். ஏழு, எட்டு, ஒன்பது என்று கண்ணிகள் சேர்வது எனக்கும் தெரியும். மாதம் ஒருமுறை பழைய ரிப்போர்ட்டை, அந்தப் பத்தொன்பது நிமிட வடிவத்தையே, நான் தனியாக ஓட்டிப் பார்ப்பது வழக்கம். மற்றவர்களின் திரையிலிருந்து அதை எடுத்துவிட்டேன், என் திரையில் மட்டும் வைத்துக்கொண்டேன். யாராவது ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

மூன்றாவது வாரம் ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று வழி தெரிந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று சிரித்தேன், அவ்வளவு சுலபமான வழி. சங்கிலியை ஒவ்வொரு தடவையும் பின்னோக்கிப் போய் எண்ணத் தேவையே இல்லை. மெக்கானிக் "முன்பு போலவே" என்று எழுதும் அந்த நொடியிலேயே, பழைய புகாரில் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் புதுப் புகாரில் சேர்த்துவைத்துவிட்டால் போதும். கூடுதலாக ஒரே ஒரு கட்டம். ரிப்போர்ட் அதை எடுத்துக் காட்டினால் முடிந்தது. அதே நான்கு விநாடி, எண்ணிக்கையும் சரியாக இருக்கும். ஒரு மத்தியான வேலை.

ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். செய்திருந்தால் மறுநாள் காலை இருபத்தொரு லிப்ட் ஒரே அடியாகச் சிவப்பாகியிருக்கும். பதினான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்திருப்பார்கள். மூன்று வாரம் அவை எப்படிப் பச்சையாக இருந்தன என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் அந்த அறையில் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை, ஐயா. அந்த மேஜையைச் சுற்றி எழும் சிரிப்பு உங்களுக்குத் தெரியாது.

ஐந்தாவது மாதம் அக்கா என் இடத்துக்கு வந்தார். சிவப்பே இல்லாத கம்பெனியில் ஆய்வுப் பிரிவு எதற்கு என்று முதலாளி கேட்க ஆரம்பித்திருந்த சமயம். நாற்காலி இழுத்துப் போட்டுக்கூட உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"தம்பி, எனக்கு என்னமோ உறுத்திக்கிட்டே இருக்கு. உதிரிபாகம் முன்ன மாதிரியேதான் வராம இருக்கு. ஆளும் அதே ஆளுங்கதான். சிவப்பு மட்டும் எப்படிக் காணாமப் போச்சு?"

"நல்லா வேலை செய்யறாங்கக்கா."

"பழைய ரிப்போர்ட்ட ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டேன். நான் இங்கயே நின்னு காத்துட்டு இருக்கேன். எத்தனை நிமிஷம் ஆனாலும் சரி."

"அதை ஓட்டினா சர்வர் தாங்காதுக்கா. நீங்கதானே சொன்னீங்க, அது வர்றதுக்குள்ள லிப்ட்டு எழுந்து நடந்துடும்னு."

அவருக்குச் சுருக்கென்று பட்டது, முகத்தில் தெரிந்தது. "ஏதோ வேடிக்கைக்குச் சொன்னேன்பா. மனசுல வச்சுக்காதே," என்றார். நான் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அடுத்த மாதம் அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். போகும்போது தன் அலமாரியிலிருந்த பழைய தாள்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். குப்பைத்தாளை எதற்குச் சுமக்கிறார் என்று நினைத்தேன். அதில் பழைய ரிப்போர்ட்டின் கடைசி நகல் இருந்திருக்கிறது. கண் மருத்துவமனை லிப்ட், ஆறு கண்ணி, சிவப்பு. அதைத்தான் அவர் போன வாரம் உங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். எனக்குத் தெரியும். அந்த நகல் இல்லாவிட்டாலும் நான் வந்திருப்பேன்.

எட்டாவது மாதம் அது நடந்தது. உங்கள் கோப்பில் எல்லாம் இருக்கும், இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். ஒரு மகள், தன் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். பரிசோதனை முடிந்து கிளம்பினார்கள். அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எதிரே இருப்பது எல்லாம் புகையாகத் தெரிந்திருக்கிறது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். லிப்ட் வந்து நின்றது, கதவு திறந்தது. அவள் ஒரு காலை உள்ளே வைத்தபோது பெட்டி நழுவியது. இந்தத் தடவை ஒரு சாணோடு நிற்கவில்லை. அம்மா வெளியே நின்றுவிட்டார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. "கையை ஏன்டி விட்டே? கையை ஏன்டி விட்டே?" என்று கேட்டுக்கொண்டே நின்றாராம்.

அன்று பிற்பகலே உங்கள் ஆட்கள் கம்பெனிக்கு வந்து, அந்த லிப்ட்டின் புகார் விவரம் கேட்டார்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நான்கு விநாடியில் கொடுத்தேன். அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறது. பிரேக் பகுதியில் ஒரே ஒரு வரி. "முன்பு போலவே." கீழே என் மைத்துனனின் பெயர்.

அதைப் படித்த யாருக்கும் என்ன தோன்றும்? என்ன கோளாறு என்றுகூட எழுதத் துப்பில்லாமல் ஒரு மெக்கானிக் ஒப்புக்குக் கிறுக்கியிருக்கிறான் என்றுதான் தோன்றும். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவனைப் பிடித்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. அவன் உங்களிடம் பதினோரு தடவை எழுதியதாகச் சொன்னான். நீங்கள் அந்தத் தாளை அவன் முகத்துக்கு நேராக நீட்டினீர்களாம். அவன் தாளைப் பார்த்துவிட்டு, "எங்க மாமாவக் கேளுங்க சார், அவருக்குத் தெரியும்," என்றானாம். என்னைக் காட்டிக்கொடுக்கச் சொன்னதல்ல அது. நான் அவனைக் காப்பாற்றுவேன் என்று நம்பிச் சொன்னது.

ஒரு வாரம் கழித்து என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி பதினோரு தடவை எழுதினேன்னு சொல்றான். உங்க கம்ப்யூட்டர் ஒரு தடவைதான்னு சொல்லுது. ரெண்டுல யாரு பொய் சொல்றா?"

"கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றேன்.

"அப்ப என் தம்பிக்குத் தெரியுமா?"

நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். அவள் உடனே எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே மாமியார் மகனை நினைத்துச் சாப்பிடாமல் கிடக்கிறார் என்று கேள்வி. இன்று நான் இங்கே வந்ததற்கு அந்த அம்மாள் ஒரு காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

உங்கள் தாளில் "அலட்சியம்" என்று ஒரு சொல்லை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். இங்கிருந்தே தெரிகிறது. தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். நான் அலட்சியமாக வேலை பார்த்ததில்லை. எதை வெட்டினேன், வெட்டினால் என்ன ஆகும், எந்தெந்தக் கட்டடம், எத்தனை மாடி, எல்லாம் எனக்குத் தெரியும். எட்டு மாதமும் தெரியும். ஒரு மத்தியானத்தில் சரிசெய்துவிடலாம் என்பதும் தெரியும். தெரிந்தேதான் விட்டேன். அந்தப் பெண்ணை நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மைத்துனன் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக எழுதியவன், அவனை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் சேர்த்து எழுதுங்கள். நான் ஒரு பதிவைக்கூட அழிக்கவில்லை. பதினோரு "முன்பு போலவே"யும் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கின்றன. பத்தொன்பது நிமிடம் பொறுமையாக உட்காரத் தெரிந்த யாரும் எப்போது வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அந்தப் பொறுமை யாருக்கு இருந்தது?

வந்துவிட்டது, பாருங்கள். வட்டம் நின்றுவிட்டது. இப்படித் திருப்புகிறேன், உங்களுக்குத் தெரிகிறதா? இருபத்தாறு சிவப்பு. முதல் வரிசை கண் மருத்துவமனை, அதை நீங்களே பூட்டி முத்திரை வைத்துவிட்டீர்கள். மற்ற இருபத்தைந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது ஒரு துணிக்கடை. மூன்றாவது முதியோர் விடுதி, அதற்கு ஒன்பது கண்ணி.

ஏழாவது வரிசையைப் பார்க்கிறீர்களா? பதினான்கு கண்ணி. முகவரி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆமாம், இந்தக் கட்டடம்தான்.

வந்தவுடனே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? கையில் தாள் இல்லாமல் வாய்ப்பேச்சாக ஒரு லிப்ட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருந்தேன். ஆதாரம் இல்லாமல் பேசிப் பழக்கமில்லை எனக்கு. அந்த அம்மாவிடம் அவசரமில்லை என்று சொல்லச் சொன்னேனே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உட்காருங்கள், ஐயா. எதற்கு இப்படி ஓடுகிறீர்கள்? ஐயா.

போய்விட்டார். ரெக்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் தொடர்ந்து சொல்கிறேன். அதிகாரி நடைபாதையில் நின்று, ஏறாதே, ஏறாதே என்று கீழ்நோக்கிக் கத்துகிறார். மணி சத்தம் கேட்கிறது. லிப்ட் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. டீத் தட்டின் சத்தம். "என்ன சார், என்ன ஆச்சு? ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்று அந்த அம்மாவின் குரல். வெளியே வந்துவிட்டார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் என் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.